மூன்று லேப்டாப், ஒரு போணி

பழைய லேப்டாப்பின் இடது பக்கக் கீல் உடைந்த அன்று, மூடி பின்னால் சாய்ந்து விழாமல் இருக்கத் துவரம்பருப்பு டப்பாவை முட்டுக்கொடுத்தேன். டப்பா நிறையப் பருப்பு இருந்தது. சமைக்க ஆள் இருந்தபோது வாங்கிப் போட்டது.

மனைவி கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் தாண்டியிருந்தது. பேரன் பிறந்த சமயம், மூன்று மாதம் என்று சொல்லித்தான் கிளம்பினாள். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும், வருகிறேன் என்றாள். நின்றது. தவழட்டும் என்றாள். தவழ்ந்தான். இப்போது ஓடுகிறான், ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். யாரைக் குறை சொல்வது? யாரையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

நான் பிழை திருத்துகிறவன். பதிப்பகங்கள் அனுப்புகிற புத்தகப் பக்கங்களைத் திரையில் படித்து, தப்பைக் குறித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. வருவதும் போவதும் மின்னஞ்சலில். விளாங்குடியில் மாடி வீடு. பால் பாக்கெட்டைக் கதவில் மாட்டிய பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வாயைத் திறக்காமலே ஒரு முழு நாளைக் கழித்துவிடலாம். நான் பல நாள் கழித்திருக்கிறேன். சாயங்காலம் போனில் மனைவி கூப்பிட்டால், முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக் கரகரவென்று வரும்.

“சளியா?” என்பாள்.

“இல்ல, நல்லாருக்கேன்” என்பேன்.

அதற்குள் பேரன் எதையாவது வாயில் போட்டிருப்பான். “இருங்க, அப்புறம் கூப்பிடுறேன்” என்று வைத்துவிடுவாள்.

பழைய லேப்டாப்பில் கீலை விடப் பெரிய சனியன் ஒன்று இருந்தது. அதன் திரை பளபளப்பு ரகம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாலும் சரி, டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தாலும் சரி, எழுத்துக்குப் பின்னால் என் மூஞ்சி தெரியும். மூக்குக் கண்ணாடியும் வழுக்கைத் தலையுமாக ஒருத்தன் நாள் பூராவும் என்னையே முறைத்துக்கொண்டிருப்பான். வீட்டில் இருக்கிற ஒரே ஆளும் அவன்தான் என்றால் எப்படி இருக்கும்?

புதிதாக ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன். கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு வாங்கிக் கொடுக்கிற ‘பிசினஸ் கிளாஸ்’ ரகம்தான் எனக்குச் சரி என்று படித்தேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தினம் பத்து மணி நேரம் உழைத்தாலும் கீல் தளராது, திரை கண்ணைக் குத்தாது என்றார்கள். இணையத்தில் இரண்டு வாரம் ஒப்பீடுகளைப் படித்துக் கண் பூத்துப்போனது. இவன் நல்லது என்பதை அவன் குப்பை என்கிறான். கடைசியில் எல்லாருமே ஒன்றைச் சொன்னார்கள்: கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் அந்தக் கடை இருந்தது. பத்து மணிக்குத் திறப்பார்கள். நான் ஒன்பதே முக்காலுக்கே மாடிப்படியில் நின்றேன். ஏழு மணிக்கெல்லாம் இட்லியைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறவனுக்குப் பத்து மணி என்பது ரொம்பத் தூரம்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஷட்டரைத் தூக்கினார், வாசலில் தண்ணீர் தெளித்தார், சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு அதே ஊதுபத்தியை வரிசையாக இருந்த லேப்டாப்புகளுக்கும் ஒரு சுற்றுக் காட்டினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“வாங்கண்ணே, உள்ள வாங்க. முத ஆளா வந்திருக்கீங்க. என்ன வேணும்னாலும் எடுத்துப் பாருங்க!”

டீ வந்தது. எடுத்துக் காட்டியது அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், சமயநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், ஸ்கூலுக்குப் போகிற இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எனக்குத் தெரிந்து அவள் அளவுக்கு லேப்டாப்பைத் தெரிந்தவர்கள் இணையத்திலும் இல்லை. ஒவ்வொன்றாக அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்: கறுப்பு ஒன்று, வெள்ளி நிறம் ஒன்று, சாம்பல் ஒன்று.

“மூடிய ஒத்த விரலால தொறங்க சார். அடிப்பாகம் கூடவே தூக்கிட்டு வரக் கூடாது. இப்ப ஒரு மூலையை மட்டும் பிடிச்சுத் தூக்குங்க. கிரீச்சுனு சத்தம் வருதா? வந்தா வேணாம்.”

வெள்ளி கனமான அலுமினியம், திரையின் வெளிச்சம் பிரமாதம். ஆனால் பளபளப்புத் திரை. திறந்ததும் அந்த வழுக்கைத் தலையன் அதிலும் உட்கார்ந்திருந்தான். ஓரம் வேறு மணிக்கட்டை அறுத்தது. சாம்பல் ஒரு நாவல் அளவுக்குத்தான் எடை. அதன் மூடியின் முதுகில் அவள் கட்டைவிரலால் அழுத்தினாள்; திரையில் குட்டையில் கல் போட்ட மாதிரி வளையம் ஓடியது. “பையில வச்சு பஸ்ல நெருக்குனா இது தாங்காது சார்” என்றாள். கறுப்பு பார்க்க ஒன்றுமில்லாதது. திரை மங்கல் பூச்சு, எந்த விளக்குக்குக் கீழே திருப்பினாலும் எதையும் திருப்பிக் காட்டாது. கீல் எந்தக் கோணத்தில் விட்டாலும் அந்தக் கோணத்திலேயே நின்றது.

நான் பென் டிரைவில் ஒரு பக்கம் கொண்டுபோயிருந்தேன். பொடி எழுத்தில் அடிக்குறிப்புகள் நிறைந்த பக்கம். மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். கறுப்பில், எழுத்தின் தலையில் இருக்கிற புள்ளி ஒவ்வொன்றையும் எண்ணி எடுக்கலாம் போலத் தெரிந்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புதான் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால், “யோசிச்சுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அரை மணி நேரம் இரண்டு பேரோடு பேசியிருக்கிறேன், டீ குடித்திருக்கிறேன், கடைக்காரர் மாமனாரின் முழங்கால் ஆபரேஷன் வரைக்கும் கேட்டிருக்கிறேன். வாங்கிவிட்டால் நாளைக்கு எதைச் சாக்குச் சொல்லி இங்கே வருவது?

மறுபடி போனேன். மறுபடியும் போனேன். வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்பதே முக்காலுக்கு. ஒருநாள் விசைப்பலகை, ஒருநாள் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் மாறுகிறதா என்று, ஒருநாள் வாசல் வெயிலில் எடுத்துப்போய்த் திரை தெரிகிறதா என்று. எனக்கே வெட்கமாக இருக்கும், ஆனாலும் போவேன். போகிற நாளில் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். முந்தின நாளே என்ன கேட்கலாம் என்று யோசித்து வைப்பேன்.

“இன்னுமா வாங்கல?” என்றாள் மனைவி போனில்.

“ஒப்பிட்டுப் பாத்துட்டு இருக்கேன்.”

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இம்புட்டு யோசிச்சீங்களா?”

“அப்ப யோசிக்கல. அதான் இப்ப யோசிக்கிறேன்” என்றேன். சிரித்தாள். அதற்குள் அங்கே என்னவோ கீழே விழுகிற சத்தம். வைத்துவிட்டாள்.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, நான் படியேறும்போதே கடைக்காரர் எதிரே இறங்கி வந்தார். “அண்ணே, கீழ ஒரு டீயைப் போட்டுட்டு மெதுவா வாங்களேன். இன்னும் கூட்டிப் பெருக்கல.” நான் கீழே போய்க் குடித்தேன். என் மேல் அக்கறை என்று கூட நினைத்தேன், பைத்தியக்காரன். அடுத்த தடவை, “கரண்ட் இல்லண்ணே, பதினொன்னுக்கு மேல வாங்க” என்றார். அவர் தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த தடவை, மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர் என்னைக் கண்டதும் தூக்கிய ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நான் என்ன திருடனா, பிச்சைக்காரனா? டீக் காசுக்கு அலைகிறவனா? படியில் நின்று சத்தம் போட வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண் உள்ளே இருப்பாளே என்று அடக்கிக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் அவரை வைதேன். வீட்டுக்கு வந்து பருப்பு டப்பாவில் சாய்ந்திருந்த லேப்டாப்பைத் திறந்தேன். வழுக்கைத் தலையன் காத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு லேப்டாப் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார் என்று அழுதேன். யாரிடம் சொல்ல முடியும்?

சாயங்காலம் மனைவி கேட்டாள். “நல்லாருக்கேன்” என்றேன்.

இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியின் நம்பர் மாற்றுவதற்காக ஒரு காலையில் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அதே பஸ்ஸின் முன்வாசலில் அந்தப் பெண்ணும் இறங்கினாள். பார்க்காத மாதிரி நடந்தேன். அவள் ஓடி வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

“என்ன சார், வரவே இல்ல?”

“உங்க முதலாளிக்கு என் மூஞ்சி பிடிக்கல போலம்மா.”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்.” கொஞ்ச தூரம் நடந்ததும் கேட்டாள். “சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“போணி சார்.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்க முத ஆளா வந்து, எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டு, வாரேன்னு வெறுங்கையோட கெளம்பிருவீங்க. அன்னைக்குப் பூரா கடையில ஈதான் ஓட்டணும். ரெண்டு மூணு தடவை பாத்தாரு. அதுக்கப்புறம் அவருக்கு மனசுல பயம் வந்துருச்சு. உங்ககிட்டச் சொல்லவும் வாய் வரல. வயசுல பெரியவரு, மரியாதையான மனுசன், அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எங்கிட்டத்தான் பொலம்புனாரு.”

நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்குப் போணி தெரியாதா? காலையில் திறந்த கடையில் முதல் ஆளாக ஏறினால் ஒரு சோப்பு டப்பாவாவது வாங்காமல் இறங்கக் கூடாது. முதல் வியாபாரம் எப்படியோ அப்படித்தான் அன்றைய பொழுது. காலை நேரத்தில் பூக்காரம்மாவிடம் விலை மட்டும் கேட்டுவிட்டு நான் நகர்ந்தது கிடையாது. என் மனைவி இதில் என்னை விடக் கறார். அப்படிப்பட்டவன் ஐந்தாறு தடவை ஒருத்தர் கடையில் முதல் ஆளாக ஏறி, டீயும் குடித்து, வெறுங்கையோடு இறங்கியிருக்கிறேன்.

எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அப்படியே திரும்பிப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் பதில் கிடைத்தது. நான் சாமான் வாங்கப் போகவில்லை. ஆள் பார்க்கப் போனேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவனுக்குப் போணி ஞாபகம் வருமா? அவர்களை நான் என் ஆட்களாக எண்ணிவிட்டேன். அவர்களுக்கு நான் வாடிக்கையாளர். அதிலும் வாங்காத வாடிக்கையாளர். அவர் மேல் தப்பே இல்லை. அது இன்னும் வலித்தது.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்குப் போய் நின்றேன். கடைக்காரர் படியில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமா? கையில் ஷட்டர் சாவியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, போணி பண்ண வந்திருக்கேன். அந்தக் கறுப்பை எடுங்க” என்றேன்.

பேரம் பேசவில்லை. பணத்தை வலது கையால் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். “அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்கண்ணே” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். எதைப் பற்றி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பெண் திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரித்து, ஒரு தடவை துடைத்து, பெட்டிக்குள் வைத்தாள்.

நல்ல லேப்டாப். இன்று வரைக்கும் கீல் அசையவில்லை. திரையில் என் முகம் தெரிவதில்லை. அந்த வழுக்கைத் தலையன் ஒழிந்தான் என்று முதல் நாள் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள், எழுத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளை மட்டும் இருப்பதைப் பார்த்தபோது, முறைக்கவாவது ஒருத்தன் இருந்தானே என்று தோன்றியது. பருப்பு டப்பாவை எடுத்துச் சமையலறையில் வைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு போன். கடைக்காரர். “அண்ணே, உங்க கை ராசியான கைண்ணே! அன்னைக்கு நீங்க போணி பண்ணிட்டுப் போனீங்க, பொழுதுக்கும் எனக்கு மூச்சு விட நேரம் இல்ல. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அப்படியே வந்து ஒரு சின்னச் சாமான் வாங்கிட்டுப் போங்கண்ணே. எதுனாலும் சரி. டீ நம்ம கணக்கு.”

போனை வைத்ததும் பீரோவிலிருந்து வெள்ளிக்கிழமைக்குச் சட்டை எடுத்து இஸ்திரி போட்டேன். அன்றைக்குத் திங்கள்கிழமை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறியதில்லை. ஊதுபத்தி காட்டி முடிகிறவரைக்கும் வாசலில் நிற்பேன். பிறகு உள்ளே போய்த் திரை துடைக்கிற துணி ஒன்று வாங்குவேன். அந்தக் கடையில் இருப்பதிலேயே சின்னச் சாமான் அதுதான். நீல நிறம், உள்ளங்கை அகலம், பிளாஸ்டிக் உறையில் இருக்கும். வாங்கிய பிறகு அரை மணி நேரம் உட்காரலாம். சமயநல்லூர்ப் பெண் புதிதாக வந்த லேப்டாப்புகளை எடுத்துக் காட்டுவாள், நான் மூடியை ஒற்றை விரலால் திறந்து பார்த்து அபிப்பிராயம் சொல்வேன். பதினோரு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆறு நாள் கிடக்கும்.

வாடிப்பட்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக மனைவி இரண்டு நாள் வந்தாள். வந்ததும் பட்டுச் சேலை எடுக்கப் பீரோவைத் திறந்தாள்.

“என்னங்க, இது என்ன இம்புட்டு துணி?”

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். “ஸ்க்ரீன் தொடைக்கிறது” என்றேன்.

“தெரியுது. பதினாலு இருக்கு. ஒன்னைக் கூடப் பிரிக்கலையே?”

“சும்மா குடுத்தாங்க.”

அவள் நம்பவில்லை. முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், நான் பொய் சொல்லும்போது தோசைக்கரண்டி எப்படிச் சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியும். வந்து அடுப்பை அணைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரி போட்ட சட்டை, ஷட்டர், போணி, வெள்ளிக்கிழமை, ஒன்றையும் விடவில்லை. கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். துணிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு உறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தெனமும் போன்ல நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதானே சொன்னீங்க.”

“வேற என்னத்தச் சொல்றது? நீ பிள்ளையப் பாப்பியா, என்னையப் பாப்பியா?”

அவள் எழுந்தாள். ஒரு உறையைப் பிரித்து, மேஜைக்குப் போய், என் லேப்டாப்பைத் திறந்து திரையைத் துடைத்தாள். அதில் தூசியே கிடையாது. ஆனாலும் மூலை விடாமல் துடைத்தாள்.

கல்யாணம் முடிந்து, வியாழக்கிழமை ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட்டேன். மகள் லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டும், பேரனுக்கு ஆள் வேண்டும், போகாமல் முடியாது. ஜன்னல் ஸீட் பிடித்து உட்கார்ந்தவள் வெளியே தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது.

“நாளைக்கு வெள்ளிக்கிழமைல்ல? போவீங்களா?”

“போவேன்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நான் கூடவே நாலு எட்டு நடந்தேன். அவள் சத்தமாகச் சொன்னாள்.

“துணி போதும்ங்க. வேற எதாவது வாங்குங்க.”